சீனி இல்லாத இனிப்பு: வாசகர் கேள்வி பதில்

சாக்கரின், சுக்ரலோஸ், ஸ்டீவியா என்று சீனிக்கு மாற்றான இனிப்பூட்டிகள் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கலப்படம், லேபிள் தில்லுமுல்லு, உணவு பாதுகாப்புத் துறையின் நடவடிக்கை ஆகியவற்றைத் தொட்ட கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் ஊர்ப் புறவழிச்சாலையில் ஐப்பசி மாதத்திலும் பதநீர் விற்கிறார்கள். குடித்த பிறகு நாக்கில் ஒரு கசப்பு நிற்கிறது. சாக்கரின் கலந்தது என்கிறார்கள். வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகி, தூத்துக்குடி)

பனையில் பதநீர் இறங்குவது கோடையை ஒட்டிய மாதங்களில்தான். அடைமழைக் காலத்தில் குடம் குடமாக விற்றால் சந்தேகப்படுவதில் தப்பில்லை. சாக்கரின் சீனியைவிட 300 முதல் 500 மடங்கு இனிப்பு. அளவு கூடினால் உலோகத்தை நக்கியது போன்ற கசப்பு பின்னால் வரும். நீங்கள் சொல்வது அதுவாக இருக்கலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒரு டம்ளர் பதநீரை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் வற்ற விடுங்கள். நல்ல பதநீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சர்க்கரை உண்டு. 200 மில்லி வற்றினால் கருப்பட்டி மணத்தோடு 20 கிராம் அளவுக்குப் பாகு நிற்க வேண்டும். சாக்கரின் தண்ணீராக இருந்தால் அடியில் மெல்லிய படலம்தான் மிஞ்சும். விரலில் ஒரு சொட்டுக் காயவிட்டாலும் பிசுபிசுப்பு இருக்காது. ஆனால் கொஞ்சம் சீனியும் கொஞ்சம் சாக்கரினும் சேர்த்து விற்கும் கெட்டிக்காரர்கள் இந்தச் சோதனையில் தப்பிவிடுவார்கள். அமிலமும் ரிசார்சினால் என்ற வேதிப்பொருளும் வைத்துச் செய்யும் நிறச் சோதனையை வீட்டில் முயல வேண்டாம். அடர் கந்தக அமிலத்தைச் சூடாக்கும் வேலை அது.

சட்டப்படி இதில் சாக்கரின் மட்டும் குற்றமல்ல. பதநீர் என்று கேட்டவருக்கு வேறொன்றைக் கொடுத்ததே குற்றம். உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006, பிரிவு 50-ன்படி கேட்ட பொருளின் இயல்போ தரமோ இல்லாததை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிவுச் சான்று மட்டும் பெற்ற சிறு வியாபாரிகளுக்கு உச்சவரம்பு 25,000 ரூபாய். புகாரை 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம். இடம், நேரம், படம் மூன்றும் இருக்கட்டும். வண்டிக் கடை நாளைக்கு வேறு இடத்தில் நிற்கும் என்பதால் நேரம் மிக முக்கியம்.

கேள்வி: முன்பக்கம் ஸ்டீவியா இலை படம், "இயற்கை" என்ற சொல். பின்பக்கம் பொடி எழுத்தில் எரித்ரிட்டால், ஐஎன்எஸ் 955 என்றெல்லாம் இருக்கிறது. இது ஏமாற்று வேலையா?
(ஆசிரியை, கோவை)

பாதி ஆம், பாதி இல்லை. ஸ்டீவியாவிலிருந்து எடுக்கும் ஸ்டீவியால் கிளைக்கோசைடு 200 முதல் 300 மடங்கு இனிப்பு. ஒரு தேக்கரண்டிச் சீனிக்கு ஈடாக 20 மில்லிகிராம் அளவு போதும். அதைக் கரண்டியால் அள்ள முடியாது. எனவே 1 கிராம் பாக்கெட்டில் மீதியெல்லாம் எரித்ரிட்டால், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிதான். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் இருக்க வேண்டும் என்பது விதி. எரித்ரிட்டால் முதலில் நிற்பதும் ஸ்டீவியா கடைசியில் நிற்பதும் கலப்படம் அல்ல.

ஐஎன்எஸ் என்பது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை. உங்கள் பாக்கெட்டில் உறுத்துவது 955. அது சுக்ரலோஸ். இனிப்பில் பெரும்பங்கு அதிலிருந்து வரும்போது முன்பக்கம் முழுக்க இலை படம் போட்டு விற்பது, வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் லேபிள். துறையின் மொழியில் இது "தப்புக்குறியீடு". பிரிவு 52, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். "இயற்கை" என்ற சொல்லுக்கும் 2018-ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. எதுவும் சேர்க்கப்படாத தனிப் பொருளுக்குத்தான் அதைப் போடலாம். எரித்ரிட்டாலும் சுக்ரலோஸும் கலந்த பொடிக்கு அது பொருந்தாது.

இந்த எண்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியால் கிளைக்கோசைடு, 961 நியோடேம், 968 எரித்ரிட்டால். செயற்கை இனிப்பூட்டி இருந்தால் அதன் பெயரைச் சொல்லும் அறிவிப்பும், குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்ற வாசகமும் லேபிளில் வர வேண்டும். அஸ்பார்டேம் இருந்தால் ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையும் வேண்டும். இவை எல்லாம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழ் கட்டாயமில்லை. பாட்டி வாங்கும் பாக்கெட்டில் பாட்டிக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை. துறை இதை என்றாவது மாற்றினால் பாதிப் புகார்கள் தாமாகக் குறையும்.

கேள்வி: சர்க்கரை நோய் உள்ள என் தந்தைக்கு "சுகர் ஃப்ரீ" பிஸ்கட் வாங்கிக் கொடுத்தோம். சாப்பிட்ட 2 மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை ஏறிவிட்டது. சீனியைக் கலந்து ஏமாற்றுகிறார்களா?
(வாசகர், திருச்சி)

சீனி கலக்காமலே இது நடக்கும். "சுகர் ஃப்ரீ" என்று போட 100 கிராமில் சர்க்கரை 0.5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த விதியில் "சர்க்கரை" என்பது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற சிறு மூலக்கூறுகள்தான். மைதா மாவும் மால்டோடெக்ஸ்ட்ரினும் அந்தக் கணக்கில் வராது. குடலுக்குள் போனதும் அவை குளுக்கோஸாகி விடுகின்றன. லேபிள் சட்டப்படி சரியாகவே இருக்கும், குளுக்கோமீட்டர் வேறு கதை சொல்லும். ஊட்டச்சத்துப் பட்டியலில் "சர்க்கரை" என்ற வரியை விட்டுவிட்டு மொத்த கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள்.

புகாருக்குரியது எப்போது என்றால், சேர்மானத்தில் வெல்லம், தேன், பேரீச்சை, பழச்சாறு அடர்வு என்று ஏதாவது இருந்தும் முன்பக்கம் சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தால். இனிப்புக் கடைகளில் பேரீச்சை லட்டை இப்படி விற்பது சர்வ சாதாரணம். சீனி சேர்க்கவில்லை என்பதும் சர்க்கரையே இல்லை என்பதும் ஒன்றல்ல. பேரீச்சை சேர்த்தால் முதலாவதைக்கூடச் சொல்ல முடியாது.

கேள்வி: சிறிய அளவில் இனிப்பு தயாரிக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கான பால்கோவா, மைசூர்பா கேட்கிறார்கள். சாக்கரின் எவ்வளவு சேர்க்கலாம்? போன தீபாவளிக்குத் தெரிந்த ஒருவரின் மாதிரி வரம்பு மீறியதாக வந்துவிட்டது. அவர் சத்தியமாக அளந்துதான் போட்டேன் என்கிறார்.
(இனிப்புத் தயாரிப்பாளர், திண்டுக்கல்)

அவர் அளந்திருப்பார். எதன் எடைக்கு அளந்தார் என்பதில்தான் கோளாறு வந்திருக்கும்.

நம் பாரம்பரிய இனிப்புகளுக்கு வரம்பு இதுதான்: சாக்கரின் சோடியம் 500 பிபிஎம், அஸ்பார்டேம் 200, அசிசல்ஃபேம் பொட்டாசியம் 500, சுக்ரலோஸ் 750. ஒரு பிபிஎம் என்றால் கிலோவுக்கு 1 மில்லிகிராம். அதாவது தயாரான 1 கிலோ இனிப்பில் சாக்கரின் அரை கிராம்தான். 5 லிட்டர் பாலுக்குக் கணக்குப் போட்டுச் சேர்த்தால் பால் வற்றி 1 கிலோ சொச்சம் கோவாவாக நிற்கும்போது அடர்வு 5 மடங்காகிவிடும். சாக்கரின் சூட்டில் அழியாது, ஆவியாகாது. போட்டது அப்படியே இருக்கும். எப்போதும் இறக்கிய பிறகு வரும் எடைக்குக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது தவறு தராசு. 1 கிராம் பிரிவுள்ள கடைத் தராசில் 2 கிலோ இனிப்புக்கு உரிய 1 கிராமை நிறுப்பது கண்ணை மூடிக்கொண்டு நிறுப்பது போல. 50 கிராம் சாக்கரின் சோடியத்தைக் கொதித்து ஆறிய நீரில் கரைத்துச் சரியாக 1 லிட்டர் ஆக்கிக்கொள்ளுங்கள். இதில் 1 மில்லியில் 50 மில்லிகிராம் இருக்கும். 2 கிலோ இனிப்புக்கு 20 மில்லி என்பது உச்சம். 16 மில்லியில் நிறுத்தினால் கலவை ஏறுமாறாக இருந்தாலும் தப்பலாம். பொடியாகத் தூவினால் ஒரு மூலையில் கட்டி சேரும், அதிகாரி எடுக்கும் துண்டு அந்த மூலையாக அமைந்தால் கதை முடிந்தது.

மூன்றாவதுதான் மூல காரணம். மைசூர்பா போன்ற இனிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சீனி. 500 பிபிஎம் சாக்கரின், 400 மடங்கு என்று வைத்தாலும், கிலோவுக்கு 200 கிராம் சீனியின் இனிப்பைத்தான் தரும். வாடிக்கையாளர் பழைய இனிப்பையே எதிர்பார்க்கிறார், கை தானாக இன்னொரு சிட்டிகை போடுகிறது. சுக்ரலோஸ் 600 மடங்கு என்பதால் அதன் வரம்புக்குள் 450 கிராம் சீனிக்கு ஈடு கட்டலாம். சூட்டையும் தாங்கும், கசப்பும் குறைவு. முழுச் சீனியையும் நீக்குவதாக இருந்தால் சாக்கரினை மறந்துவிடுங்கள். அஸ்பார்டேம் கொதிக்கும் பாகில் சிதைந்துவிடும், இந்த வேலைக்கு உதவாது. இரண்டைக் கலந்து போட்டு வரம்பைச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். கலவைக்கு இடமளிக்கப்பட்ட கார்பனேட்டட் பானத்திலேயே விகிதக் கணக்குதான்: அஸ்பார்டேம் தனியாக 700, அசிசல்ஃபேம் தனியாக 300 பிபிஎம் என்றால், அஸ்பார்டேம் 350 போட்டவர் அசிசல்ஃபேமை 150-க்கு மேல் போடக் கூடாது.

சீனி போனால் எடையும் போகும். அதை ஈடுகட்ட மால்டிட்டால் போன்ற பாலியால் (சர்க்கரை ஆல்கஹால்) 10 சதவீதமோ அதற்கு மேலோ சேர்த்தால், வயிற்றைப் போக வைக்கக்கூடும் என்ற வாசகம் லேபிளில் கட்டாயம்.

கெமிக்கல் கடையில் எடை போட்டுக் கொடுக்கும் சாக்கரினை வாங்க வேண்டாம். நிக்கல் முலாம் பூசும் பட்டறைகளுக்கும் பளபளப்பூட்டியாக சாக்கரின் போகிறது. அந்த மூட்டையும் வெள்ளைப் பொடிதான். உணவுத் தரம் என்ற குறிப்பு, 14 இலக்க உரிம எண், பில் மூன்றும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்த எண் 1-இல் தொடங்கினால் உரிமம், 2-இல் தொடங்கினால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. மத்திய உரிமமென்றால் 100 என்று தொடங்கும். ஃபோஸ்கோஸ் என்ற உணவு உரிம இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உணவு பாதுகாப்பு அலுவலர் மேசை இனிப்பூட்டி (காபி, டீயில் போட்டுக்கொள்வது) டப்பாக்களை மாதிரி எடுத்துப் போனார். ஒரு மாதம் கழித்து "தப்புக்குறியீடு" என்று அறிக்கை வந்திருக்கிறது. நான் தயாரிக்கவில்லை, விற்றேன், அவ்வளவுதான். அபராதத்தை நான் ஏன் கட்ட வேண்டும்?
(வணிகர், மதுரை)

முதலில் தேதியைப் பாருங்கள். அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் படிவம் 8-ல், மாவட்ட உணவு பாதுகாப்புத் துறையின் தலைவரான நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றுக்கொண்டால் தம்மிடம் உள்ள மாதிரிப் பகுதியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்புவார். அதன் முடிவே இறுதி. இந்த 30 நாளைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அலைந்தே பலர் கோட்டை விடுகிறார்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். லேபிளில் ஒரு வாசகம் விடுபட்டது என்பதுதான் குறை என்றால் மறு ஆய்வில் மாறப்போவது எதுவுமில்லை. அளவு மீறல் என்று வந்திருந்தால் மேல்முறையீட்டுக்கு அர்த்தம் உண்டு.

அடுத்து, மாதிரி எடுத்த முறையைச் சரிபாருங்கள். அலுவலர் படிவம் 5-ஏ-யில் அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். மாதிரிக்கு உரிய விலை கொடுத்திருக்க வேண்டும். உங்கள் முன்னிலையில் 4 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கட்டி முத்திரையிட்டு, உங்கள் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் பாதுகாப்பில். நான்காவது பகுதிதான் உங்களுக்கான ஆயுதம். நீங்கள் கேட்டால், உங்கள் செலவில், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அதை அனுப்ப வேண்டும். இரண்டு அறிக்கைகளும் முரண்பட்டால் மேல்நிலை ஆய்வகம்தான் தீர்க்கும். மாதிரி எடுக்கும் அந்த நேரத்திலேயே எழுத்தில் கேட்டால்தான் இது கிடைக்கும். பதற்றத்தில் யாரும் கேட்பதில்லை. பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு ஒரு மாதம் ஆனதையும் பதிலில் குறிப்பிடுங்கள். அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள்.

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு. மொத்த வியாபாரி கொடுத்த பில் இருக்கிறதா? தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ தரும் பில்லே, சரக்கின் தரத்துக்கான எழுத்துப்பூர்வ உத்தரவாதமாகக் கருதப்படும் என்று பிரிவு 26 சொல்கிறது. தொகுதி எண் பில்லில் இருந்தால் இன்னும் பலம். டப்பாவை நீங்கள் பிரிக்கவில்லை, காலாவதியாகவில்லை, சரியாக வைத்திருந்தீர்கள் என்றால் பொறுப்பு மேலே தயாரிப்பாளரிடம் போகும். பில் இல்லையென்றால், பிரிவு 27 நேராக உங்களைப் பிடிக்கும்: யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே பொறுப்பு. அந்தப் பிரிவில் தப்புக்குறியீடு உள்ள சரக்கை விற்றதும் தனியாக இருக்கிறது. ஆகவே "எனக்குத் தெரியாது" என்ற வாய்மொழி மட்டும் உதவாது. பில்லோடு சேர்ந்தால் உதவும். தெரியாமல் செய்தது, ஆதாயம் இல்லாதது, முதல் முறை என்பவை அபராதத் தொகையைக் குறைக்கக் கணக்கில் எடுக்க வேண்டியவை (பிரிவு 49).

தப்புக்குறியீடும் தரக்குறைவும் நீதிமன்றத்துக்குப் போகாது. தீர்ப்பு அதிகாரியாக மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிப்பார். அவர் உத்தரவின் மீது 30 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். "பாதுகாப்பற்றது" என்று அறிக்கை வந்தால் கதையே வேறு: அது குற்ற வழக்கு. யாருக்கும் பாதிப்பு இல்லாவிட்டாலும், 2023 திருத்தத்துக்குப் பிறகு, 3 மாதம் வரை சிறையும் 3 லட்சம் வரை அபராதமும் உண்டு. உயிர்ப்பலி என்றால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை.

ஒரு துணுக்குத் தகவல்: கண்காணிப்புக்காக எடுக்கும் மாதிரி வேறு, சட்டப்பூர்வ மாதிரி வேறு. முன்னதன் முடிவை வைத்து வழக்குப் போட முடியாது. மீண்டும் முறைப்படி எடுக்க வேண்டும். உங்களுக்குப் படிவம் 5-ஏ தரப்படவில்லையென்றால் முதலில் இதைக் கேளுங்கள்.

கேள்வி: அதிகாரிகளை எதிர்பார்க்காமல் நானே ஒரு பொருளைச் சோதனைக்குக் கொடுக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, சேலம்)

முடியும். பிரிவு 40 அதற்காகவே இருக்கிறது. கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய 6 இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. உங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. கட்டணம் கட்டினால் 14 நாளில் அறிக்கை. குறை நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையும் நியமன அலுவலருக்குப் போய் நடவடிக்கை தொடங்கும்.

எல்லோரும் தவறவிடும் நிபந்தனை: வாங்கும்போதே, "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்து கேளுங்கள். பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். ஒரே தொகுதி எண்ணில் இரண்டு மூன்று வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் "கலப்படம் உள்ளதா" என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். எந்த இனிப்பூட்டி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாக்கரின், அசிசல்ஃபேம், அஸ்பார்டேம் மூன்றையும், கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் புற ஊதா உணரியால் ஒரே ஓட்டத்தில் பிடித்துவிடலாம். சுக்ரலோஸ் புற ஊதா ஒளியை அவ்வளவாக உறிஞ்சாது. அதற்கு வேறு உணரி வேண்டும். பெயர் சொல்லாவிட்டால் அது சோதிக்கப்படாமலே போகக்கூடும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மிட்டாயில் ஐஎன்எஸ் 952 என்று இருக்கிறது. அது அனுமதி பெற்ற எண்தானா?
(வாசகர், சென்னை)

அனுமதி பெற்ற எண்களோடு அதைச் சேர்க்க முடியாது. 952 சைக்லமேட். அமெரிக்கா 1969-ல் தடை அறிவித்தது. ஐரோப்பாவில் இன்றும் அனுமதி உண்டு. இந்தியாவின் அனுமதிப் பட்டியலில் இல்லை. எனவே அங்கே சட்டப்படி செய்த மிட்டாய், இங்கே கடையில் விற்கும்போது அனுமதியில்லாத பொருள் சேர்ந்த, பாதுகாப்பற்ற உணவாகிவிடுகிறது. முறைப்படி இறக்குமதியான பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உரிம எண் ஒட்டியிருக்கும். பெட்டிக்குள் வந்து பஜாரில் இறங்கும் சரக்கில் அது இருக்காது. லேபிளில் உண்மையைச் சொல்லியிருப்பதால் விற்பவருக்குச் சலுகை கிடையாது.

பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு 2024 பிப்ரவரியில் தடை செய்தபோது பிரச்சினை துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம். அதுவும் இந்த வகைதான்: எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது, இருந்தாலே குற்றம். சாக்கரின் அப்படியல்ல. அதில் எந்த உணவில், எவ்வளவு, சொன்னாயா என்பதுதான் கேள்வி.

கேள்வி: அஸ்பார்டேம் புற்றுநோய் தரும் என்று சொல்லிவிட்டார்களே, ஏன் தடை செய்யவில்லை?
(வாசகர், ஈரோடு)

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2-பி, அதாவது "ஒருவேளை இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. அதே நாளில் உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ எடைக்காரருக்கு 2,400 மில்லிகிராம். 700 பிபிஎம் உள்ள பானம் 3 லிட்டருக்கு மேல் குடித்தால்தான் அந்த எல்லை.

கேள்வி: கடையில் நீண்ட நாள் வெயிலில் இருந்த டயட் பானம் வாங்கினேன். இனிப்பே இல்லை. தண்ணீர் கலந்துவிட்டார்களா?
(வாசகி, நாகர்கோவில்)

மூடி சரியாக இருந்தால் யாரும் எதுவும் கலக்கவில்லை. அஸ்பார்டேம் அமிலத்திலும் வெப்பத்திலும் மெல்லச் சிதைந்து இனிப்பில்லாத பொருளாக மாறும். மே மாத வெயிலில் ஜன்னலோரம் வைத்த பாட்டிலில் இது வேகமாக நடக்கும். பாட்டிலைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் அதற்குப் பொறுப்பு கடைக்காரர், புகார் செய்யலாம். தாண்டவில்லையென்றால் பில்லைக் காட்டி மாற்றிக் கேளுங்கள், நிழலில் வைத்திருந்த பாட்டிலாக.